வாடாத வல்லாரை

"இத யாரு மேடம் வச்சது?"

பிளம்பர் அந்தோணி எங்கள் வீட்டுப் பின்சந்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தரை முழுக்கப் படர்ந்திருந்த வல்லாரையை ஒரு ஓரத்திலிருந்து பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"நான்தான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். பெங்களூர் ஈஜிபுராவில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மூன்றடி மண் கிடைப்பதே அபூர்வம். அதிலும் ஒரு கீரையை இப்படித் தளதளவென்று வளர்த்துக் காட்டியவள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான்.

"சாப்புடுறீங்களா?"

"வாரத்துக்கு ரெண்டு நாள். வேணும்னா கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க."

அவர் எடுக்கவில்லை. வேர் பிடுங்கிய இடத்தில் கரணையால் இரண்டு குத்து குத்தினார். ஒரு சாண் ஆழத்தில் மண் கறுப்பாகக் குழைந்து வந்தது. "மேடம், கொஞ்சம் இங்க வந்து மோந்து பாருங்க" என்றார்.

மோந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. நின்ற இடத்துக்கே வந்தது.

"மேல் வீட்டு டாய்லெட் லைனு. ஜாயிண்ட் வுட்டுப் போய் எத்தினி மாசமோ. தண்ணி மேல வராம மண்ணுக்குள்ளயே ஓடிக்கினு கீது. அதான் உங்க கீரை இப்டி குஷாலா கீது."

முதலில் வந்தது பயம் இல்லை, ஒரு அற்ப நிம்மதி. நாங்கள் வல்லாரையைப் பச்சையாகச் சாப்பிட்டதே கிடையாது. உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியோடு எண்ணெயில் நன்றாக வதக்கித்தான் துவையல் அரைப்பேன். கூட்டு என்றால் கொதிக்கக் கொதிக்க வேகும். எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

அடுத்த நொடி மேல் வீட்டு மஞ்சுளாவின் முகம் வந்தது. அவள் வதக்க மாட்டாள். அவளுக்கு அப்போது ஏழாவது மாதம்.

ஒரு கணு போதும்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிச் சண்டையை எழுதியபோது மஞ்சுளாவை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். "அந்தப் பெண் யார், அவரைப் பற்றி ஏன் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கீரை வந்த கதை.

தள்ளுவண்டியில் வாங்கிய ஒரு கட்டு வல்லாரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். தண்டுகளில் கணுவுக்குக் கணு வெள்ளை வேர் விட்டிருந்தது. குப்பையில் போட மனம் வராமல் நாலைந்து தண்டுகளைப் பின்சந்து மண்ணில் விரலால் குழி பறித்துச் செருகினேன். அவ்வளவுதான் நான் செய்த விவசாயம்.

வல்லாரைக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதைப் பிறகு அதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். வெயில் அதற்கு ஆகாது. நேர் வெயிலில் வளர்ந்தால் இலை காசளவுக்குச் சிறுத்து, காம்பு சிவந்து, கசப்பேறிப் போகும். எங்கள் சந்தில் பகல் பதினொரு மணிக்கு மேல் ஒரு முக்கால் மணி நேரம் வெயில் எட்டிப் பார்க்கும். மற்ற நேரமெல்லாம் நிழல். அதுவே அதற்குப் போதும். காலடி மட்டும் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். நிழலும் ஈரமும் சேர்ந்து கிடைத்துவிட்டால் காம்பு நீண்டு, இலை ஒரு கைக்குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு விரிகிறது.

அது பரவும் விதம்தான் எனக்கு ஆச்சரியம். மேலே வளராது. நூல் மாதிரி ஒரு கொடியைத் தரையோடு ஓடவிடும். ஒரு விரற்கடை போனதும் ஒரு கணு, அங்கே கீழே வேர், மேலே இலை. அந்தக் கணுவிலிருந்து அடுத்த கொடி. நடுவில் நறுக்கினாலும் ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகிவிடும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சேம்பர் மூடியிலிருந்து காம்பவுண்டு சுவர் வரை மண்ணே தெரியவில்லை. அறுக்க அறுக்க வந்துகொண்டே இருந்தது. விதை போடவில்லை, உரம் போடவில்லை, வருஷம் தாண்டியும் பட்டுப்போகவில்லை.

எனக்கும் வல்லாரைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. குடியாத்தத்தில் நான் பத்தாவது படித்த வருஷம், பரீட்சைக்கு முந்தின இரண்டு மாதம் அம்மா தினமும் வல்லாரைத் துவையலை உருட்டி என் வாயில் வைப்பார். ஞாபக சக்திக்காம். அந்தப் பரீட்சையில் என்ன கேள்வி வந்தது என்று இன்றைக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை. துவையலின் கசப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

டேங்கர் கோடை

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம். எங்கள் வேலையின் முதல் பாடம், உள்ளே போவதை நிறுத்திப் பார். அப்போதும் வெளியே ஏதாவது வந்துகொண்டிருந்தால், உனக்குத் தெரியாமல் இன்னொரு வழி இருக்கிறது என்று அர்த்தம்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதை நான் வாய் ஓயாமல் சொல்வேன்.

சந்தில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஒரு விளக்கம் இருந்தது. ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீர்க் குழாயை நானே ஜன்னல் வழியாக அங்கே விட்டிருந்தேன். வல்லாரை குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான் என்று நம்பினேன்.

பிறகு வந்தது அந்தக் கோடை. போர்வெல்கள் வற்றி, டேங்கர் எப்போது வரும் என்று தெருவே வாசலில் நின்ற கோடை. பெங்களூரில் இருந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரையும் பக்கெட்டில் பிடித்து வீடு துடைத்தோம், கக்கூஸில் ஊற்றினோம். ஒரு மாதத்துக்கு மேல் சந்துக்கு ஒரு சொட்டும் போகவில்லை. எதிர் வீட்டுச் செம்பருத்தி காய்ந்து குச்சியானது.

என் வல்லாரை வாடவில்லை. இலை இன்னும் பெரிதாகத்தான் வந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? போட்டோ எடுத்து அக்கா தங்கைகளின் வாட்ஸப் குழுவில் போட்டேன். "கைராசிக்காரி" என்று எல்லோரும் எழுதினார்கள். இருபது வருஷமாக ஊரார் தப்பையெல்லாம் கண்டுபிடிப்பவளுக்கு வீட்டுப் பின்னால் இருந்தது கண்ணில் படவில்லை. என்னைக் கைராசிக்காரி என்று சொல்லிவிட்டார்களே, நான் ஏன் தோண்டிப் பார்க்கப் போகிறேன்?

பச்சையாக அரைப்பவள்

மஞ்சுளா தீர்த்தஹள்ளிப் பக்கத்துப் பெண். மழை ஊர். கணவர் கார் ஓட்டுகிறார். மாடிக்குக் குடிவந்த புதிதில் துணி காயப்போடும்போது சந்தை எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் கீழே ஓடி வந்தாள்.

"அக்கா, இது ஒந்தெலகா அல்லவா! எங்க ஊர்ல தோட்டம் பூரா இருக்கும் அக்கா. இங்க வந்து ரெண்டு வருஷத்துல இப்பத்தான் பாக்கறேன்."

ஒந்தெலகா என்பது வல்லாரைக்குக் கன்னடத்தில் பெயர். அன்றைக்கே ஒரு பிடி பறித்துக் கொடுத்தேன். மறுநாள் ஒரு டம்ளரில் இளம்பச்சையாக எதையோ கொண்டு வந்தாள். தம்புளி. இலையைக் கழுவி, தேங்காய், சீரகம், மிளகோடு பச்சையாகவே அரைத்து மோரில் கரைப்பார்களாம். அடுப்பே பற்றவைக்க வேண்டாம். சோற்றில் பிசைந்தும் சாப்பிடலாம், அப்படியே குடிக்கவும் செய்யலாம்.

எனக்குப் பச்சை வாசனை ஆகாது. அவள் முன்னால் ஒரு வாய் உறிஞ்சுவது போலப் பாவனை செய்து "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அவள் படியேறியதும் சிங்க்கில் ஊற்றினேன். நான் தப்பித்தது இப்படித்தான், புத்திசாலித்தனத்தால் இல்லை.

அவளுக்கு நாள் தள்ளிப்போன பிறகு எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. தம்புளி மட்டும் உள்ளே நின்றது. கர்ப்பிணிக்கு வல்லாரை கொடுக்கலாமா என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. "எங்க ஊர்ல எல்லாரும் குடிக்கறாங்க அக்கா, ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் மறுக்கவில்லை. ஊரை விட்டு வந்த ஒரு பெண்ணுக்கு அவள் ஊர் ருசியை நான் கொடுக்கிறேன் என்று உள்ளூர ஒரு கர்வமும் இருந்தது.

சாக்கடைச் சேம்பர் அடைத்துக்கொண்டது என்று வீட்டு ஓனர் பிளம்பரை வரச் சொன்னார். அவர் வருவதற்கு முந்தின நாள், எப்படியும் தோண்டப் போகிறார்களே, வீணாகிவிடுமே என்று கைக்கு எட்டிய வரை அறுத்தேன். இரண்டு பெரிய கட்டு. ஒன்று எனக்கு, ஒன்று மஞ்சுளாவுக்கு.

கண்ணைப் பார்த்த ஒன்பது நாட்கள்

அந்தோணி குழாயை மாற்றிய அன்று மஞ்சுளா அவள் அக்கா வீட்டில் இருந்தாள். பைப் ரிப்பேர் முடிந்தது என்று மட்டும் ஓனர் அவளுக்குப் போனில் சொல்லியிருந்தார். எந்தப் பைப், எங்கே கசிந்தது என்று யாரும் சொல்லவில்லை.

நான் என் கட்டை எடுத்துக் கறுப்பு கவரில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். தெரிந்த டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, யாரோ ஒருத்தருக்குக் கேட்பது போலக் கேட்டேன். சாக்கடைத் தண்ணீர் பட்ட பச்சைக் கீரையால் காய்ச்சல் வரலாம், மஞ்சள் காமாலையும் வரலாம், காமாலை உடனே தெரியாது, சில வாரங்கள்கூட ஆகலாம் என்றார். "சாப்பிட்டது கர்ப்பிணியா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். அவர் குரல் மாறிவிட்டது. "அப்படின்னா உடனே வரச் சொல்லுங்க. இதுல விளையாடக் கூடாது."

அன்று சாயங்காலம் இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் கணவர். காபியை ஆற்றிக்கொண்டே யோசித்துவிட்டு, "இப்பப் போய்ச் சொன்னா அந்தப் பொண்ணு பயந்துடும். ஏழாவது மாசம், பிரஷர் கிஷர் ஏறிச்சுன்னா? ரெண்டு நாள் பாப்போம்" என்றார்.

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எனக்கு வசதியாக இருந்தது. அதனால் கேட்டுக்கொண்டேன்.

ஒன்பது நாட்கள் போயின. அந்த ஒன்பது நாளும் நான் செய்த ஒரே வேலை அவள் கண்ணைப் பார்ப்பது. வெள்ளை விழி மஞ்சளாக இருக்கிறதா என்று மாடிப்படி இருட்டில் தெரியாது. "வா மஞ்சு, வாசல்ல கொஞ்சம் வெயில்ல நில்லு, குழந்தைக்கு நல்லது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். அவள் பாட்டுக்கு ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். நான் விழியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவள் மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். முகத்தில் அந்த நிறம் அடித்ததைப் பார்த்து, துப்பட்டாவை விலக்கச் சொல்லி மறுபடி கண்ணைப் பார்த்தேன்.

ஆபீஸ் மீட்டிங்கில் காது ஒன்றும் கேட்கவில்லை. மேலே தடதடவென்று சத்தம் கேட்டால் வாந்தி எடுக்க ஓடுகிறாளோ என்று இருக்கும். சத்தமே கேட்காவிட்டால் மயங்கி விழுந்துவிட்டாளோ என்று இருக்கும். இவர் வலைதளங்களைப் பார்க்காதே என்று போனைப் பிடுங்கி வைத்தார். நான் லேப்டாப்பில் பார்த்தேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, "அக்கா, ஒந்தெலகா இன்னும் இருக்கா?" என்று மேலிருந்து கேட்டாள்.

"இல்லம்மா, பூச்சி வந்துடுச்சு. எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். இனிமே கிடையாது" என்றேன். பொய் எவ்வளவு சரளமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். இனி அவள் சாப்பிட வழியில்லை, ஒரு ஆபத்து தீர்ந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொடுத்த கட்டை அன்றைக்கே அரைத்து முடித்திருப்பாள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறீர்கள் என்பாள், அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எப்போது தெரிந்தது?

ஒன்பதாம் நாள் காலை கேஸ் சிலிண்டர்காரருக்குக் கதவைத் திறந்தபோது அவள் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை சுவரில், ஒரு கை வயிற்றில்.

"ரெண்டு நாளா சோறே இறங்கல அக்கா. ஓமட்டலா இருக்கு. சுஸ்தா இருக்கு, காலே எடுத்து வைக்க முடியல."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்து, நிமிர்ந்து பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், ஜாயிண்ட், மண், டாக்டரம்மா சொன்னது. பூச்சி என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. பயம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். கன்னடத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நிமகெ யாவாக கொத்தாய்து?"

உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டாள். கீரை எப்படி அழுக்கானது என்று கேட்கவில்லை. என் குற்றம் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"போன வாரம் செவ்வாய்க்கிழமை" என்றேன்.

அவள் விரல் மடக்கி எண்ணினாள். பிறகு மெதுவாகத் தமிழுக்கு வந்தாள். "நேத்து மத்தியானம்கூட அரைச்சேனே அக்கா. நீங்க குடுத்தத பேப்பர்ல சுத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தேன். இனிமே கிடையாதுன்னு சொன்னீங்க இல்ல, அதனால சீக்கிரம் தீரக் கூடாதுன்னு கொஞ்ச கொஞ்சமா எடுத்து அரைச்சேன். இன்னும் ஒரு பிடி இருக்கு."

நான் சும்மா இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். சும்மா இல்லை. என் பொய்தான் அவளைச் சேர்த்து வைத்துச் சாப்பிட வைத்திருக்கிறது. அவள் கண்ணில் மஞ்சள் இருக்கிறதா என்று நான் வெயிலில் நிறுத்திப் பார்த்த ஒவ்வொரு நாளும் அவள் மேலே போய் அதையே குடித்திருக்கிறாள்.

மூன்று வாரம்

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் வரட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நேராக அங்கே வந்தார். என்னைத் தாண்டிப் போய் மஞ்சுளாவின் பையை வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரத்தம் எடுத்தார்கள். மாலையில் வந்த ரிப்போர்ட் சரியாக இருந்தது. "இப்ப சரியா இருக்குன்னு விட்டுட முடியாது. மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும். காய்ச்சலோ, ஒண்ணுக்கு மஞ்சளாப் போறதோ தெரிஞ்சா அதுக்கு முன்னாடியே ஓடி வாங்க" என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு வாரத்துக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த மூன்று வாரத்தை எப்படிக் கழித்தேன் என்று எழுத எனக்கு வரவில்லை. ஒரு குழந்தை பிறக்கும் முன்னாலேயே அதன் முன்னால் குற்றவாளியாக நிற்பது எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். கோயிலுக்குப் போனேன், வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. சமைத்ததை மேலே கொண்டுபோய்க் கொடுக்கவும் கை வரவில்லை. முதல் முறையாக இவரும் நானும் இதற்காகச் சண்டை போட்டோம். "நீங்கதானே பாப்போம்னீங்க" என்றேன். "நான் சொன்னேன், நீ ஏன் கேட்ட?" என்றார்.

இரண்டாவது ரிப்போர்ட்டும் சுத்தமாக வந்தது. அந்த ஓமட்டல் அஜீரணம்தான் என்றார்கள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மாசம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல நிறம், நல்ல தொண்டை.

சந்துக்கு ஓனர் சிமெண்ட் போட்டுவிட்டார். ஆனாலும் சுவரும் தரையும் சேரும் இடத்தில் முடி நுழையும் அளவு விரிசல் ஒன்று இருக்கிறது. மழை பெய்தால் அங்கே இரண்டு இலை எட்டிப் பார்க்கும். வேரோடு வராது என்று தெரிந்தும் பிடுங்கிப் போடுகிறேன்.

படிக்கட்டிலிருந்து ஒரு கேள்வி

குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. அனு என்று பெயர். படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி என் வீட்டுக்கு வந்துவிடுவாள். மஞ்சுளா தடுப்பதில்லை. என்னோடு பேசாமலும் இல்லை. பண்டிகைக்கு வருகிறாள், சிரிக்கிறாள், அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

நேற்று அனு வந்தபோது இட்லி ஆறிக்கொண்டிருந்தது. ஒரு விள்ளல் பிய்த்து ஊதி அவள் வாயருகே கொண்டுபோனேன். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "அக்கா, ஏனு கொட்ரி?" என்று மஞ்சுளாவின் குரல் வந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கிறாள். கோபமாக இல்லை, சந்தேகமாகக்கூட இல்லை, மரியாதையாகத்தான் கேட்டாள். ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"இட்லி மஞ்சு. காலைல ஊத்தினது. மாவு வீட்டுல அரைச்சது. சட்னி வைக்கல" என்று படிக்கட்டைப் பார்த்துச் சொன்னேன். அவள் கேட்பது ஒன்று, நான் சொல்வது நான்கு. அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு மேலிருந்து "சரி அக்கா" என்று வந்தது.

அனு அதுவரை வாயைத் திறந்தபடி என் முகத்தைப் பார்த்து நின்றாள். இட்லி உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தும் கடிக்கவில்லை. அம்மாவின் அந்த இரண்டு வார்த்தை வந்த பிறகுதான் என் கையிலிருந்து சாப்பிட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள்.